காமனுக்கு எதிரே நின்ற நெல்லா

இத்தாலியில் நெல்லாவோடு பாண் வாங்கப் போனால் திரும்பி வர அரை நாள் ஆகும். பேக்கரிக்காரன் காசு வாங்கமாட்டான். மருந்துக் கடைக்காரி வெளியே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். காப்பிக் கடையில் இருக்கும் கிழவர்கள் வரிசையாக எழுந்து, ஆள்காட்டி விரலால் தங்கள் நெஞ்சைத் தொட்டு, "பட்டது!" என்பார்கள். அதுதான் அந்த டவுனில் அவருக்கு வணக்கம். அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போன புதிதில், இந்த ஊரில் எல்லோருக்கும் நெஞ்சுவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கதை இதுதான். நெல்லா இளவயதில் வாள்வீச்சு வீராங்கனை. பல வருடம் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர். அதை யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டி. இறுதி ஆட்டம். இரண்டு பேரும் சமம், அடுத்த குத்து யாருடையதோ அவளுக்குத் தங்கம். வாள் நுனி ஆள்மேல் பட்டால் விளக்கு எரியவேண்டும். எதிரே நின்றவளின் வாள் நெல்லாவின் நெஞ்சில் பட்டது, ஆனால் வயரில் ஏதோ கோளாறு, விளக்கு எரியவில்லை. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். நெல்லா முகமூடியைக் கழற்றிவிட்டு, "பட்டது" என்றார். தங்கம் போனது, பேர் வந்தது. இன்றைக்கும் அந்த டவுனில் பிள்ளைகள் பொய் சொன்னால் நெல்லாவைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். ஜெயித்தவளின் பேர் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் அம்மா இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், யாரும் எட்டமுடியாத அளவுக்குக் கொழுந்து எடுத்தவள். அதற்காக ஒரு மாதம் பெக்டரிப் பலகையில் சோக்கால் அவள் பேரை எழுதினார்கள். அடுத்த மாதம் துடைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் புகழ் அவ்வளவுதான். நெல்லாவைப் பார்த்துக் கிழவர்கள் எழும்பும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்து எரிச்சல் வரும்.

மாசி பிறக்க முன்னால் தம்பி மோகன் போன் எடுத்தான். "அக்கா, இந்த வருசம் நான்தான் காமன். நீ வரணும்."

காமன் கூத்தில் ஒருவன் காமன் வேஷம் கட்டுகிறான் என்றால் அது நேர்த்தி. மோகனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. அவன் பெண்சாதி செல்விக்குத் தங்கியதெல்லாம் கலைந்துபோனது. போன மாசியில் காமன் கம்பத்துக்கு முன்னால் நின்று, பிள்ளை தங்கினால் விரதமிருந்து வேஷம் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். இப்போது அவளுக்கு ஐந்து மாதம். எனக்குக் காமன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் செல்வி நம்புகிறாள், அவள் வயிற்றில் இருப்பது என் தம்பி பிள்ளை.

நெல்லாவைத் தனியே விடமுடியாது. மிலானில் இருக்கும் மகன், "ஒரு மாதம் முதியோர் இல்லத்தில் போடு" என்றான். அம்மாவின் புகழைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான், அம்மாவைப் பார்க்க வரமாட்டான். நெல்லா ஒரே வார்த்தையில் முடித்தார். "நானும் வருகிறேன். என்னை ஒருவருக்கும் தெரியாத இடம் எப்படி இருக்கும் என்று சாகும் முன் பார்க்கவேண்டும்."

இரத்தினக் கல் விற்கும் ஊரான இரத்தினபுரியின் பஸ் நிலையத்தில் இறங்கியதுமே ஒருவன் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையை விரித்து ஒரு நீலக் கல்லை நெல்லாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். நான் சிங்களத்தில், "போத்தல் ஓட்டைத் தேய்ச்சு யாருக்கு விக்கிறே?" என்றேன்.

"அடே, நங்கி நம்ம பக்கத்து ஆளா?" என்று அவனும் சிங்களத்திலேயே தங்கச்சி முறை வைத்துச் சிரித்தான். "முதல்லேயே சொல்லியிருந்தா நல்ல கல்லையே காட்டியிருப்பேனே."

நெல்லா என்ன சொல்கிறான் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அந்தக் கல்காரனே வெட்கப்பட்டு, எங்கள் பெட்டியைத் தூக்கிப் பலாங்கொடை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். இத்தாலியில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அங்கே அவர் சிரித்தால் யாராவது படம் எடுப்பார்கள்.

பலாங்கொடையில் தயிரில் இனிப்பான கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டோம். இரண்டு சட்டி. தோட்டத்துக்குப் போகும் பஸ் வழக்கம்போல நேரத்துக்கு வரவில்லை. வந்தது பாலத்தடியில் நின்றுவிட்டது, மேலே மழைக்கு மண் சரிந்து பாதை பாதி மூடிக் கிடந்தது. கொண்டக்டர், "இறங்குங்க, இறங்குங்க, இதுக்கு மேல சாமிதான் கொண்டுபோகணும்" என்றான். நான் பிள்ளையாக இருந்தபோதும் அதே வளைவில்தான் மண் சரிந்தது. அதற்கப்புறம் எத்தனை தேர்தல், எத்தனை தலைவர்கள், எத்தனை மாலை. அந்த வளைவை மட்டும் ஒருவனும் கட்டவில்லை.

கொழுந்து லொறி ஒன்று வந்தது. டிரைவர் நெல்லாவை மேலும் கீழும் பார்த்தான். "இந்தம்மா முன்னால இருக்கட்டும்" என்றான். நெல்லா கேட்கவில்லை. பின்னால் ஏறி வெறும் சாக்குகள்மேல் உட்கார்ந்தார். சாக்குகளில் பச்சைக் கொழுந்தின் வாசம். அதை மூக்கில் வாங்கியதும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. அம்மா வேலை விட்டு வரும்போது அவள் சேலையில் இருந்த வாசம் அது. நெல்லாவுக்கு எப்படிச் சொல்வது? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் முழுக்கத் தோட்டத்தைக் காட்டினேன். காட்ட என்ன இருக்கிறது? நான் பிறந்த லயம், அதே வரிசை வீடுகள், அதே தகரம், இன்னும் கொஞ்சம் துரு. மலைத் தண்ணீர் கொட்டும் பீலி, நாங்கள் குளித்த இடம். அம்மா என்னை விட்டுவிட்டு மலைக்குப் போன பிள்ளைக்காம்பரா, இப்போது பூட்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதை புல் மூடிக் கிடந்தது. அந்தப் பாதையில் மழைக்கு உரச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவோம். ஓடும்போது சிங்களப் பிள்ளைகளும் எங்களோடு ஓடும். யார் முதலில் பாலத்தைத் தொடுவது என்று பந்தயம். தொட்டவனை ஒரு வாரம் எல்லோரும் ராஜா என்று கூப்பிடுவோம். அந்த ராஜாக்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் சாமான் கட்டுகிறார்கள். இந்த இடத்தில் வாழ்ந்தது கஷ்டம்தான், அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பாதையில் நின்றபோது திரும்ப ஒருதடவை ஓடவேண்டும் போலத்தான் இருந்தது.

நெல்லாவுக்குப் பீலி பிடித்துப்போனது. ரொட்டியும் கட்டச்சம்பலும் அதைவிடப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றார். பீலிக்கரைப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பரமு, இந்தம்மா அங்க என்ன பெரிய ஆளா?"

"வாள் சண்டை போட்டவங்க. நாடு முழுக்கத் தெரியும்."

"யாரோட சண்டை?"

"மத்தப் பொம்பளைங்களோட."

"அதுக்கு எதுக்கு வாள்? நாங்க குழாயடியில கையாலேயே போடுறோமே."

நான் இத்தாலிய மொழியில் சொன்னேன். நெல்லா அந்தப் பெண்ணுக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார். ஒரே கூத்து.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூத்து முடிகிற நாள் மத்தியானத்தில் காமனும் ரதியும் தப்பு மேளம் முழங்க லயம் லயமாக வருவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டு ஆம்பிளை ஒரு குச்சியோடு நிற்கவேண்டும். காமன் ஆடி வந்து கரும்பை நீட்டுவான். குச்சியால் இரண்டு தடவை தடுக்கவேண்டும். மூன்றாவது தடவை குச்சியைத் தாழ்த்தித் தலைகுனிந்துவிடவேண்டும். காமன் ஜெயித்தான், வீட்டில் கல்யாணம் நடக்கும், பிள்ளை பிறக்கும். ஒன்று மட்டும் கூடாது. காமனைத் தொடக்கூடாது. காமனைத் தொடுவது ராத்திரி அவனை எரிக்க வரும் சிவன் ஒருவர்தான்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. இருக்கும் ஒரே ஆம்பிளை காமனாக வருகிறான். வாசலில் யார் நிற்பது? கூத்து வாத்தியார் ராமையாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வீட்ல விருந்தாளி இருக்காங்கள்ல? வாள் புடிச்ச கைன்னு பீலியடியில பேசிக்கிட்டாங்களே. அவங்களே நிக்கட்டும்" என்றார். காமன் காரியத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

நெல்லாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். இரண்டு தடுப்பு, பிறகு தாழ்த்து. தொடாதே. "புரிகிறது, மரியாதைச் சடங்கு" என்றார். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளில் நேரான ஒன்றைத் தேடி எடுத்தார். காய்ந்த கிளை. அதைக் கையில் பிடித்து முனையைப் பார்த்தபோது அவருடைய முதுகு நிமிர்ந்தது. மாற்று முழங்கால் வைத்த கிழவி, மாத்திரைப் பெட்டி இல்லாமல் எங்கேயும் போகாத கிழவி. நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

தப்புச் சத்தம் முதலில் வந்தது, பிறகு ரதி. ரதி வேஷம் த்ரீவீல் ஓட்டும் குமார். நேற்றுவரை மீசை இருந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. பின்னால் மோகன், உடம்பெல்லாம் சந்தனம், தலையில் கிரீடம், கையில் கரும்பு. விரதத்தில் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்தான், பேசவில்லை. வேஷம் கட்டியவன் பாட்டைத் தவிர வாய் திறக்கக்கூடாது, காமனை எரித்து மூன்றாம் நாள் எழுப்பும்வரை.

செல்வி நிலைப்படியில் நின்றாள். நெல்லா வாசலில்.

முதல் தடவை கரும்பு வந்தது, குச்சி தடுத்தது. இரண்டாவதும் அப்படியே. கூட்டம் கைதட்டியது. மூன்றாவதுக்குக் காமன் மெதுவாக வரவேண்டும். ஆனால் தப்பு வேகமெடுத்துவிட்டது, மோகனும் வேகமெடுத்துவிட்டான். காலை ஓங்கி மிதித்து நேரே நெஞ்சுக்குக் கரும்பை நீட்டிவிட்டான்.

நெல்லா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்காது. முழங்கால் மடிந்தது, இடக்கை பின்னால் உயர்ந்தது, கரும்புக்கு அடியில் குச்சி நுழைந்து மோகனின் தோளுக்குக் கீழே போய் நின்றது. கண் இமைக்கும் நேரம். அடுத்த கணம் குச்சி கீழே, தலை குனிந்திருந்தது.

தப்பு நின்றது.

"பட்டுருச்சு!"

"படலடா. காத்துதான் பட்டுச்சு."

"நான் என் கண்ணால பார்த்தேன்."

"நீ எங்கடா காமனைப் பார்த்த? ரதியைத்தானே பார்த்துக்கிட்டு இருந்த!"

சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது. பட்ட கட்சி, படாத கட்சி என்று கூட்டம் இரண்டாகிவிட்டது. மோகன் நெஞ்சில் சந்தனம் வேர்வையில் ஏற்கெனவே வெடித்திருந்தது, அடையாளம் தெரியவில்லை. ராமையா வாத்தியார் கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க. பட்டிருந்தா காமன் தீட்டு. வேசத்தைக் கலைச்சிடணும். நேர்த்தி சேராது, அடுத்த வருசம் புதுசா விரதமிருந்து கட்டணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "காமன் பேசக்கூடாது. தெரிஞ்சவங்க அந்தம்மா ஒருத்தர்தான். கேளு பரமு. அவங்க வாயால சொல்லட்டும். காமன் முன்னால பொய் நிக்காதுன்னும் சொல்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாத்தியார்மேல் கோபம். தப்புக்காரன்மேல் கோபம். இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு காய்ந்த குச்சியில் தொங்கவிட்ட வழக்கத்தின்மேல் கோபம். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணி, கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். ஒரு தேசமே உண்மைக்கு அடையாளம் என்று வைத்திருக்கும் ஆளிடம் உண்மையைக் கேட்கிறார்கள், அது இந்த மலையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். என்ன பதில் வரும் என்றும் எனக்குத் தெரியும். பொய்யாக மொழிபெயர்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் தலையாட்டிவிட்டால்? எல்லோரும் அவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டது என்று சொன்னால்?" நெல்லா கேட்டார்.

"நேர்த்தி சேராது. அடுத்த வருடம் மறுபடி."

"அந்தப் பெண்?"

"பிள்ளை தங்காது என்று முடிவு செய்துவிடுவாள். முன்னால் போனதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும்."

நெல்லா செல்வியைப் பார்த்தார். அவர் முகமூடி போடாமல் நின்று நான் பார்த்த ஒரே சண்டை அதுதான். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் தெரியும்படி இடமும் வலமும் மெதுவாகத் தலையசைத்தார்.

"படவில்லை" என்றார்.

நான் தமிழில் சொல்லும் முன்னாலேயே தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியார் நெல்லாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். செல்வி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முழங்கால் வலிக்கிறது, உள்ளே கூட்டிப்போ" என்றார். அன்றைய கூத்து முழுவதும் நடந்தது, காமனை முறைப்படி எரித்தார்கள். அவர் எழுந்து வரவில்லை.

காமனை எழுப்பிய அன்று மோகன் வாய் திறந்தான். என்னைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையை விலக்கிக் காட்டினான். தோளுக்குக் கீழே நாவற்பழம் போல ஒரு கருப்பு.

"அக்கா, அந்தம்மா கையில என்ன, கரண்டா இருக்கு? உசிரே போயிருச்சு."

"செல்வி பார்த்தாளா?"

"சட்டையோடதான் தூங்குறேன். கேட்டா குளிருதுன்னு சொல்றேன்."

"மறையிற வரைக்கும் சட்டையோடயே குளி" என்றேன்.

செல்விக்கு ஆனியில் ஆண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல சத்தம். அது காமன் கொடுத்ததா, ஆஸ்பத்திரியில் மாதா மாதம் கொடுத்த மருந்தா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளிடமும் கேட்காதீர்கள்.

கூத்து முடிந்து நாங்கள் இத்தாலிக்குப் புறப்பட்ட நாள் கொழுந்து லொறி கிடைக்கவில்லை. மண் சரிந்த இடம்வரை நடந்தோம். மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. நான் கேட்டுவிட்டேன். அரை நூற்றாண்டு காப்பாற்றியதை எதற்காக எங்கள் வீட்டு வாசலில் விட்டீர்கள் என்று. நெல்லா நின்று மூச்சு வாங்கினார்.

"அன்றைக்கு நஷ்டம் எனக்கு மட்டும்தான். என் பதக்கம், நான் கொடுத்தேன். இது என்னுடையது இல்லையே, கொடுக்க." கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, "ஆனால் சொல்லும்போது இனித்தது என்று நினைக்காதே. இன்னும் வாயில் கசக்கிறது" என்றார்.

பலாங்கொடை பஸ் நிலையத்தில் வடை வாங்கிக்கொண்டு நின்றோம். எம்பிலிப்பிட்டிய பஸ்ஸுக்கு நின்ற ஒரு சிங்களவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இத்தாலிக் கால்பந்துக் கழகத்தின் பை. கிட்டே வந்து நல்ல இத்தாலிய மொழியில் பேசினார்.

"மன்னியுங்கள் அம்மா. நீங்கள் நெல்லாதானே? பட்டது என்று சொன்னவர்? பத்து வருடம் அங்கே வேலை செய்தேன். என் முதலாளி வீட்டில் உங்கள் படம் மாட்டியிருந்தது."

அதற்குள் போனை எடுத்துவிட்டார். படம் பிடிக்க. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. விரட்ட வாயைத் திறந்தேன். நெல்லா என் கையைத் தொட்டுத் தடுத்தார்.

"இல்லை" என்றார் அமைதியாக. "நான் அவர் இல்லை. முகச்சாயல் இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்."

அந்தச் சிங்களவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னிடம் திரும்பி, "நிஜமா நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் நெல்லாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரலில் ஒட்டிய வடைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க யாரோ, எனக்குத் தெரியாது" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "இவங்க எங்க வீட்டு ஆள்."

அந்த மனிதர் போனைப் பையில் போட்டார். எம்பிலிப்பிட்டிய பஸ் புறப்படும்வரை ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெல்லா ஒருதடவைகூடத் திரும்பவில்லை. கையில் இருந்ததை முடித்துவிட்டு இன்னொரு வடை கேட்டார். கடைக்காரன் காசை எண்ணி வாங்கிக்கொண்டான்.